குழியை நோக்கி ஒரு கோடு

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

‘பட்டர்’ என்றதும் பெருமாள் கோயில் பட்டரையோ, ரொட்டியில் தடவும் வெண்ணெயையோ எண்ணிவிட வேண்டாம். கோல்ஃப் ஆட்டத்தில், புல்லை ஒட்ட வெட்டிய ‘கிரீன்’ என்னும் பரப்பில் பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டைக்கு அப்பெயர். அவ்வாறு உருட்டும் அடி ‘பட்’ எனப்படும். எங்கள் மலையூர்த் திடலில் விடுமுறை நாட்களில் ஆட்டக்காரர்களின் பை சுமக்கும் ‘கேடி’யாக (காவல் நிலையத்துக் கேடி அன்று!) வேலை பார்த்தபோது கற்றதை இங்கே கூற விழைகிறேன்.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் ஏறத்தாழ 43 மில்லிமீட்டர். இதில் பந்தைத் தள்ளுவது என்ன பெரிய காரியம் என்றே நானும் நினைத்தேன். தரை சமமாக இல்லை என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

முதலில் பந்துக்குப் பின்னால் சில அடி தள்ளிக் குந்தி, குழியைப் பார்க்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் நின்று ஏற்றமா, இறக்கமா என்று காண வேண்டும். குறுக்குச் சரிவு இருந்தால் குழியையே குறிவைக்கக் கூடாது. மேட்டுப் பக்கம் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே அடித்தால், சரிவே பந்தைக் குழிக்கு இழுத்து வரும். வேகம் குறையக் குறைய வளைவு மிகும். ஆதலால் குழியருகே உள்ள சரிவுக்கே மதிப்பு அதிகம்; வேகத்தை முடிவு செய்யாமல் கோட்டை முடிவு செய்யவும் இயலாது.

விதிகள் சிலவற்றை அனுமதிக்கின்றன. பந்தின் பின்னே நாணயம் வைத்து அடையாளமிட்டு, பந்தை எடுத்துத் துடைக்கலாம். பந்தின் மேல் வரைந்த கோட்டைக் குறியை நோக்கித் திருப்பி வைக்கலாம். 2019 முதல் காலணித் தடங்களைச் சீர்செய்யவும், கொடிக்கம்பைக் குழியில் விட்டே அடிக்கவும் அனுமதி உண்டு. ஆனால் திசை காட்டுவதற்காகத் தரையில் எப்பொருளையும் வைக்கக் கூடாது. ஆட்டக்காரர் அடிக்க நிற்கத் தொடங்கிய பின், கேடி அவருக்குப் பின்னால் அந்தக் கோட்டில் நிற்கவும் கூடாது.

இந்தக் கடைசி விதியை மறந்தவன் நான். ஒரு போட்டியில் பெரியவர் ஒருவர் பட் அடிக்க, நான் பின்னாலேயே நின்றுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. அவரோ தமக்குத் தாமே இரண்டு அடி தண்டம் எழுதிக்கொண்டார், ஓரடியில் தோற்றார். “ஐயா, என்னால்தானே!” என்றேன். “இல்லை தம்பி. நான் விலகி, நீ நகர்ந்த பின் மறுபடி நின்றிருந்தால் தண்டமே இல்லை. அவசரம் என்னுடையது” என்றார்.

1970இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் நடந்த ஓபன் போட்டியிலும் இதே பாடம்தான். கடைசிக் குழியில் சுமார் மூன்றடிப் பட் விழுந்தால் டக் சாண்டர்ஸ் வெற்றியாளர். கோட்டில் ஏதோ கிடப்பதாக எண்ணிக் குனிந்தவர், விலகிச் சென்று புதிதாக நிற்காமல் அப்படியே அடித்தார். பந்து வலப்புறம் தவறியது. மறுநாள் நடந்த மறு ஆட்டத்தில் ஜாக் நிக்லாஸ் 72, சாண்டர்ஸ் 73.

தேர்வுக் கூடத்தில் கணக்கு இடையில் குழம்பினால் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து பார்க்கிறேன். அந்தப் பெரியவர் எனக்குக் கற்றுத் தந்தது அது.