கல்லின் முகம்

கொழும்பு வானொலி 1925ஆம் ஆண்டு பிறந்தது. அந்நாளைய எளிய வானொலிகளுக்கு உயிர், காலீனா என்னும் ஈயத்தாதுக் கல். அக்கல்லை அலையுணர் கருவியாக்கி 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் ஜகதீஸ் சந்திர போஸ்.

வெள்ளவத்தையில் என் பாட்டனார் அத்தகைய வானொலியொன்றைப் பேணி வந்தார். கல்லின் முகமெங்கும் ஒரே மினுக்கம். ஆயினும், மெல்லிய கம்பிமுனையால் தொட்டுத் தொட்டுத் தேடினால்தான், மின்னோட்டத்தை ஒருபுறமாக மட்டும் செல்லவிடும் புள்ளி அகப்படும்; அங்கேதான் பாட்டுக் கேட்கும். மயிரிழை விலகினால் மௌனம். கண்ணொளி மங்கிய முதுமையிலும் அவர் விரல்கள் அப்புள்ளியை அறிந்திருந்தன. கொட்டாஞ்சேனை நண்பர்கள் வந்தால், மேசையைத் தொடவும் விடமாட்டார்.

1986இல் தோன்றிய அணுவிசை நுணுக்குக்காட்டியின் வழிவந்த கருவிகள், அதே தேடலைக் கூரிய ஊசியால் நானோமீட்டர் அளவில் நடத்தி, பரப்பின் மின்கடத்தலைப் படமாக வரைகின்றன. கல் முழுவதற்கும் ஒரே அளவைச் சொன்னால், பாடும் புள்ளி மறைந்துபோகும் அன்றோ?