பச்சை முக்கோணம் சொல்லாத சேதி

தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஏறும் சாலையில் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மேலே மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள். ராகியும் சாமையும் விளையும் சரிவுகள், மரநிழலில் காப்பிச் செடிகள், மரத்தைப் பற்றிப் படரும் மிளகுக் கொடிகள். நெடுங்காலம் மலைப்பாதையில் நடந்தே இறங்கி ஏறிய மக்கள் இவர்கள். சாலை வந்தபின் விளைச்சல் சுலபமாகக் கீழே போகிறது. கீழே கடைகளில் விற்கும் எந்தச் சரக்கும் அதே சுலபத்தில் மேலே வந்துவிடும். களைக்கொல்லி கேனுக்கும் நெஞ்செரிச்சல் மாத்திரைக்கும் இனி எந்த மலையும் தூரமில்லை.

காப்பி, களைக்கொல்லி, மாத்திரை மூன்றையும் ஒரே கேள்வியோடு சோதித்துப் பார்த்தவர்கள் நச்சியல் ஆய்வாளர்கள். இது புற்றுநோயைத் தருமா? கேட்க எளிய கேள்விதான். பதிலுக்கு அவர்கள் படும் பாடு நம்மில் பலருக்குத் தெரியாது.

முதல் சோதனை ஒரு சிறிய வட்டத் தட்டில் நடக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸ் என்ற உயிர்வேதியியலாளர் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. ஹிஸ்டிடின் என்ற சத்தைத் தானே தயாரிக்க முடியாதபடி மரபணு பழுதான சால்மோனெல்லா பாக்டீரியாவைத் தட்டில் பரப்புகிறார்கள். அந்தச் சத்து தட்டில் மிகச் சொற்பமாகவே இருப்பதால் பாக்டீரியா பெருக முடியாது. சோதிக்க வேண்டிய ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள்; கூடவே எலியின் கல்லீரல் சாறு. சில பொருள்கள் கல்லீரலில் உருமாறிய பிறகுதான் நஞ்சாகின்றன என்பதால் இந்த ஏற்பாடு. இரண்டு நாள் கழித்துத் தட்டைத் திறந்தால், ரசாயனம் மரபணுவைத் தாக்கியிருக்கும் இடத்தில் பழுது தற்செயலாகச் சரியாகி, பாக்டீரியா வெள்ளைப் புள்ளிகளாக முளைத்திருக்கும். ரசாயனம் சேர்க்காத தட்டிலும் சில புள்ளிகள் தாமாக முளைக்கும். இரண்டையும் எண்ணி ஒப்பிட வேண்டும். குழந்தைகளின் இரவு உடையில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த டிரிஸ் என்ற பொருளை இந்தத் தட்டுதான் காட்டிக்கொடுத்தது. 1977இல் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்தது.

தட்டு தருவது சந்தேகம் மட்டுமே. அடுத்த கட்டம் எலிகள். ஒவ்வொரு அளவுக்கும் 50 ஆண், 50 பெண் என மூன்று அளவுகள். ரசாயனமே கொடுக்காத ஒரு குழு. மொத்தம் 400 எலிகள். இரண்டு ஆண்டுகள், அதாவது ஒரு எலியின் ஆயுளில் பெரும்பகுதி, நாள்தோறும் தீவனத்தில் அந்தப் பொருள். முடிவில் ஒவ்வொரு எலியிலிருந்தும் ஏறத்தாழ நாற்பது வகைத் திசுக்களை எடுத்து, மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். வயதான எலிக்கும் கட்டி வரும். ஆகவே, ரசாயனம் கொடுத்த குழுவில் வந்தது கூடுதலா, தற்செயலா என்று கணக்குப் போட வேண்டும். நம் நாட்டில் ரசாயனங்களின் நஞ்சை ஆராயவென்றே 1965இல் லக்னோவில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். சென்னைக்கு அருகே படப்பையில், பூச்சிக்கொல்லிகளைச் சோதிக்கும் நச்சியல் ஆய்வகம் பல ஆண்டுகளாக இயங்குகிறது.

இனி காப்பிக்கு வருவோம். பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1991இல் காப்பியைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயை அது தரக்கூடும் என்றது. கால் நூற்றாண்டு கழித்து, 2016இல், பத்து நாடுகளைச் சேர்ந்த 23 அறிவியலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை மீண்டும் அலசி, காப்பியை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்பு பழி சுமந்தது காப்பி. காரணம், காப்பி அதிகம் குடித்தவர்களில் பலர் சிகரெட்டும் அதிகம் பிடித்தவர்கள். அதே கூட்டத்தில் இன்னொன்றும் சொன்னார்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பிருக்கிறது. வத்தல்மலைக் காப்பியைத் தாராளமாகக் குடிக்கலாம், ஆற்றிக் குடித்தால் போதும்.

காப்பியை வைத்து ஏம்ஸ் பிற்காலத்தில் ஒரு பெரிய வாதம் செய்தார். வறுத்த காப்பியில் ஆயிரத்துக்கும் அதிகமான ரசாயனங்கள் உண்டு. சோதித்துப் பார்த்த 28இல் 19, எலிகளுக்குப் புற்றுநோய் தந்தன. காய்கறியில் ஒட்டியிருக்கும் பூச்சிக்கொல்லி எச்சம் இதற்கு முன்னால் மிகச் சொற்பம், அதற்காக அலற வேண்டாம் என்றார். பெரும் அளவில் கொடுத்தால் இயற்கைப் பொருளும் எலிக்குக் கட்டி தரும், அளவுதான் முக்கியம் என்பது அவர் கட்சி. வாங்கிச் சாப்பிடுகிறவரைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கில் விடுபட்டுப்போனவர், முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிறவர். சாப்பிடுகிறவருக்குப் போய்ச் சேர்வது எச்சம். இவருக்கு மூடியைத் திறக்கும்போது கையில் வழிவது, தண்ணீரில் கலக்கும்போது தெறிப்பது, எதிர்க்காற்றில் முகத்தில் படிவது, கசியும் டேங்க்கிலிருந்து முதுகில் ஊறுவது. அந்தச் சட்டையைத் துவைக்கும் வீட்டுப் பெண்ணின் கையிலும் அதில் பங்கு. அளவுதான் முக்கியம் என்றால், அதிக அளவு யார்மேல் விழுகிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அவருக்கு நாம் என்ன சொல்லி வைத்திருக்கிறோம்? கேன் லேபிளில் சாய்சதுரமாக ஒரு கட்டம், அதன் கீழ்ப்பாதியில் வண்ண முக்கோணம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு நிறங்கள். 1971ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள் வகுத்த முறை இது. எந்த அளவு உள்ளே போனால், அல்லது தோலில் பட்டால், சோதனை விலங்குகளில் பாதி செத்துப்போகும் என்பதை வைத்தே நிறம் முடிவாகிறது. வாய்வழியாகப் போகும் அளவில், கிலோ எடைக்கு 50 மில்லிகிராமே போதுமென்றால் சிவப்பு. 5,000 மில்லிகிராமுக்கு மேல் வேண்டுமென்றால் பச்சை. உடனே ஆளைக் கொல்லுமா என்ற கேள்விக்கு மட்டுமே அது பதில். இரண்டு ஆண்டுகள் எலிகளை வைத்துக் கண்டறிந்த எதுவும் அந்த நிறத்தில் கிடையாது. பச்சையைப் பார்த்ததும் பயமில்லை என்று ஒருவர் நினைத்தால் அது அவர் குற்றமில்லை. நிறத்தை அப்படி வைத்தவர்கள் நாம்.

கிளைபோசேட் களைக்கொல்லியின் கதையைப் பாருங்கள். லியோன் முகமை 2015இல் அதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளது என்று வகைப்படுத்தியது. அடுத்த ஆண்டே ஐ.நா. உணவு அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய குழு, உணவு வழியாக ஆபத்து வர வாய்ப்பில்லை என்றது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றும். முதலாவது கேட்டது, இதனால் முடியுமா என்று. இரண்டாவது கேட்டது, சாப்பாட்டில் வரும் அளவால் வருமா என்று. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில்முறையாளர்கள் மூலமாகத்தான் இதைத் தெளிக்கலாம் என்று அறிவித்தது. மலைச் சரிவில் களையெடுக்க ஆள் கிடைக்காமல் திண்டாடும் விவசாயிக்கு இந்த வேறுபாட்டைத் தமிழில் விளக்கிச் சொல்லும் வேலை இன்னும் பாக்கி.

சோதனை ஒருமுறை முடிந்தால் முடிந்தது என்றும் இருக்க முடியாது. ரானிடிடின் மாத்திரையைத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. பல பத்தாண்டுகள் விற்ற அந்த மாத்திரையில் 2019இல் என்டிஎம்ஏ என்ற பொருள் தென்பட்டது. வெப்பத்தில் இருக்க இருக்க, நாளாக ஆக, மாத்திரைக்குள்ளேயே அது கூடுகிறது. அது எலியின் கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்று பிரிட்டனில் மகீயும் பார்ன்ஸும் 1956லேயே கண்டு எழுதியிருந்தார்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்கா அந்த மாத்திரையை விலக்கிக்கொள்ளச் சொன்னது. 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது போய்விட்டது.

எலியும் தட்டும் சொல்ல முடியாததை மனிதர்களைப் பின்தொடர்ந்துதான் அறிய முடியும். அமெரிக்காவின் அயோவாவிலும் வட கரோலினாவிலும் 1993இல் தொடங்கி, மருந்தடிப்பவர்களும் அவர்கள் துணைவர்களுமாக சுமார் 89,000 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். எந்த மருந்து, எத்தனை நாள், கையுறை போட்டீர்களா என்று கேட்டு எழுதி வைக்கிறார்கள். கிளைபோசேட்டுக்கும் ரத்தப் புற்றுநோய்களுக்கும் உறுதியான தொடர்பு தெரியவில்லை என்று 2018இல் சொன்னதும் அந்த ஆய்வுதான். அது அங்கே பெரும்பாலும் டிராக்டரில் உட்கார்ந்து தெளிப்பவர்களின் கணக்கு. வெறுங்காலோடு சரிவில் ஏறி இறங்குகிறவரின் கணக்கை அதிலிருந்து எடுக்க முடியாது.

தருமபுரிக்குப் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடிப் போகிறார்கள். அந்தப் பதிவேட்டில் இன்னும் மூன்று வரிகள் சேர்க்கட்டும்: இந்தப் பருவத்தில் என்ன மருந்து அடித்தீர்கள், எத்தனை நாள், துணி துவைத்தது யார்?