காட்மியம் ஏறிய வயலுக்கு ஒரு நெல்

வயலில் நீர் தேங்குவதாலும் வடிவதாலும் மண்ணின் குணம் மாறுமென்பது நெல் சாகுபடி செய்வோர் அறிந்ததே. இக்குணத்தைத் துணையாகக் கொண்டு, விஷ உலோகம் ஏறிய நிலத்தை நெற்பயிராலேயே சுத்தி செய்ய ஜப்பான் தேசத்தார் கையாண்ட முறையை இங்கு விவரிப்போம்.

அத்தேசத்துத் தொயாமா பிரதேசத்தில் ஓடும் ஜின்சூ நதியில், மேற்புறத்துச் சுரங்கத்தின் கழிவு நெடுங்காலம் கலந்து வந்தது. அங்கு வெட்டியது துத்தநாகத் தாது. அத்தாதுவில் காட்மியம் இயல்பாகவே சேர்ந்திருக்கும். நதிநீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டோர், முக்கியமாய்ப் பிள்ளை பெற்று நடுவயது கடந்த ஸ்திரீகள், எலும்பு மிருதுவாகி முறிந்து வேதனை பொறாது கதறினர். 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று பொருள்படும் 'இதாய் இதாய்' என்பதே நோயின் பெயராயிற்று. காட்மியமே காரணமென 1968-ல் அந்நாட்டுச் சர்க்கார் ஒப்புக்கொண்டனர். கெட்ட வயல்களில் நல்ல மண் இட்டுத் திருத்தும் வேலை 1979-ல் தொடங்கி 2012-ல்தான் முடிந்தது. அத்தனை செலவு எல்லா நிலத்துக்கும் கட்டுவதன்று.

சாதாரண ஜப்பானிய நெல், வேரில் நுழையும் காட்மியத்தில் பெரும்பகுதியை அங்கேயே அடைத்துவைக்கும். சோகோகொகு என்னும் நெல்லிலோ அக்காவல் பழுதாயிருப்பதால் உலோகம் தண்டுக்கும் இலைக்கும் தடையின்றி ஏறுகிறது. மண்ணும் இடங்கொடுக்க வேண்டும். நீர் தேங்கிய சேற்றில் காற்றில்லாமையால் காட்மியம் கந்தகத்தோடு கூடிக் கரையாது கிடக்கும். வடித்துக் காயவிட்டால் கரைந்து வேருக்கு எட்டும். ஆதலின் பயிர் வேரூன்றியபின் நீரை வடித்து, மீண்டும் பாய்ச்சாது விட்டனர். இவ்வாறு இரண்டு வருஷம் பயிரிட்டதில் ஹெக்டேருக்கு 883 கிராம், அதாவது ஏக்கருக்குச் சுமார் 357 கிராம் காட்மியம் வெளியேறி, மண்ணிலிருந்ததில் 38 சதவீதம் குறைந்ததாக 2009-ல் அறிவித்தனர். பின்பு அங்கு விளைந்த உணவு நெல்லின் மணியில் 47 சதவீதம் குறைவு, மகசூல் குன்றவில்லை.

உணவு நெல்லுக்கு இதற்கு நேர்மாறான முறையே தகும். காட்மியம் உள்ள நிலத்தில் கதிர் வெளிவரும் பருவத்தில் காய்ச்சலும் பாய்ச்சலும் கூடாது, நீர் நிற்கவேண்டும். ஆனால் பாஷாணம் கலந்த மண்ணில் நீர் நின்றாலே விஷம் ஏறும். ஆகையால் மண்பரிசோதனை செய்யாது நீரைக் கட்டுவதும் வடிப்பதும் குருட்டு வேலை.

சுத்தி செய்த பயிரின் வைக்கோல் பார்வைக்கு நல்ல வைக்கோலாகவே இருக்கும், அபாயம் அதில்தான். அதை மடக்கி உழுதாலும் எருக்குழியில் இட்டாலும் உலோகம் திரும்பவும் வயலையே சேரும். மாட்டுக்கு இட்டால் பெரும்பகுதி சாணத்தின் வழியே வரும், மிச்சம் மாட்டின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும். நெல்மணியும் உணவுக்கோ கோழித் தீனிக்கோ ஆகாது. ஜப்பானில் அறுத்த பயிரை, புகையை வடிகட்டும் உலையில் எரித்தனர். அவ்வசதி ஏற்படுமுன் இத்தகைய பயிரை நடவே கூடாதென்பது நம் அபிப்பிராயம். நட்டால், அறுவடை நாளன்று கிராம அதிகாரி வயலிலிருந்து, வண்டிகளை எண்ணி அனுப்புதல் நலம். பொதுக்களத்தில் ஒரு கட்டும் இறங்கலாகாது.