தரங்கம்பாடி: வாயிலிலிருந்து கடல் வரை

இந்த நகர வாயில் 1792இல் டேனியர் கட்டியது. இதைத் தாண்டினால் ராஜ வீதி. கடற்கரை வரை நடந்தே போய்விடலாம். வெயில் ஏறுமுன் புறப்படுங்கள்.

வீதியில் முதலில் புதிய எருசலேம் ஆலயத்தில் நில்லுங்கள். 1718இல் கட்டிய இதற்குள்தான் ஜெர்மானிய மறைபணியாளர் சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. 1706இல் இங்கு வந்து இறங்கிய அவர், 36 வயதில் மறைந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து அவர் இங்கு நடத்திய அச்சகத்துக்கு வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள்; பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறியது. நம் புத்தகங்களின் வரலாற்றில் இந்தச் சிற்றூருக்குரிய இடம் மிகப் பெரியது.

வீதியின் முடிவில், மைதானத்துக்கு அப்பால் டேனிஷ் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கருடன் செய்த உடன்படிக்கையின்படி 1620இல் எழுந்தது. சீகன்பால்குவை ஆளுநர் நான்கு மாதம் சிறை வைத்ததும் இங்கேதான். உள்ளே அருங்காட்சியகம் உண்டு.

கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். அலைகளை ஒட்டி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு ஒரு பட்டினம் இருந்தது என்பதற்கு இதுவே சான்று. முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சியதைக் காக்கவே பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். அவற்றின்மேல் ஏற வேண்டாம்.

1845இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றனர். வணிகம் நாகப்பட்டினத்துக்குப் போனது. அதன்பின் இங்கே பெரிய கட்டடங்கள் எழாததால்தான் பழைய வீதிகள் இன்றும் பிழைத்திருக்கின்றன.