வளாகத்து வெண்திரை

கண்டி வீதியிலே, கிளிநொச்சி நகருக்கும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலுக்கும் இடையில், அறிவியல் நகர் என்றோர் இடமுண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் தொழினுட்ப பீடமும் இன்று அங்கேதான் இயங்குகின்றன. விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியிலே தோன்றி, போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்து, பல ஆண்டுகளின் பின் மீண்டும் வன்னிக்குத் திரும்பியது. பொறியியற் பீடம் 2014இல் தொடங்கியது. தொழினுட்ப பீடம் அதன் பின் வந்து சேர்ந்தது. நெல்லும் நீர்ப்பாசனமும் இயந்திரமும் மின்னியலும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. கலைப்பீடமோ திருநெல்வேலியிலே இருக்கின்றது. நாடகமும் படக்காட்சியும் இலக்கியக் கூட்டமும் பெரும்பாலும் அதனோடு அங்கேயே தங்கிவிட்டன.

ஸ்கந்தபுரத்திலே, இடப்பெயர்வு பறித்துக்கொண்ட காலம் நீங்கலாக, நெடுநாள் தமிழ் கற்பித்தவன் நான். அக்கராயன் வழியாக முறிகண்டிக்கு வந்து கண்டி வீதியில் ஏறினால் அறிவியல் நகர் எங்களுக்குத் தூரமில்லை. எனினும், பல்கலைக்கழகத்திலே ஒரு திரைப்படம் காட்டப்படுகின்றது என்றால், அது யாருக்காகக் காட்டப்படுகின்றது என்னும் வினா எனக்குச் சில ஆண்டுகளாகவே உண்டு. ‘பொதுமக்களுக்கான நிகழ்ச்சி’ என்று அழைப்பிதழிலே அச்சிடுவது எளிது. அந்தப் பொதுமக்கள் யார்?

சர்வகலாசாலைக்குச் சினிமா எதற்கு என்று கேட்கும் பெரியோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்களுக்கு நான் பேராதனையை நினைவூட்டுவதுண்டு. 1956இல் எதிரிவீர சரச்சந்திர பேராதனை மாணவரைக் கொண்டு ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகத்துக்கு ஒரு சொந்த வடிவம் வேண்டும் என்று தேடிச் சென்றவர், கிராமங்களில் அருகிக்கொண்டிருந்த ‘நாடகம’ என்னும் ஆட்ட வடிவத்தை எடுத்தாண்டார். அவ்வடிவமோ தமிழ்க் கூத்தின் வழி வந்தது. அவரது ‘சிங்கபாகு’ 1961இல் பேராதனையின் திறந்தவெளி அரங்கிலே ஆடப்பட்டது. மலைச்சரிவைக் குடைந்து அமைத்த அந்த அரங்குக்குக் கூரையுமில்லை, சுற்றுமதிலுமில்லை. மாணவரோடு அயலூராரும் வந்து புற்றரையிலே அமர்ந்தனர்.

அயலிலே நடந்ததைக் கண்டு தமிழர் வாளாவிருந்துவிடவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய ஆடப்படும் கூத்தைச் சுருக்கி, பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என 1960களிலே ஒன்றன்பின் ஒன்றாக அவை எழுந்தன. மட்டக்களப்பு வட்டக்களரியில் ஆடப்பட்ட ஆட்டத்தைப் பட்டப்படிப்பு மாணவர் கற்றனர். இராவணேசனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளிலே தாமும் பேராசிரியரானார். நாட்டுப்புறத்தானின் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்றைப் படித்தவன் காலில் சலங்கை கட்டி ஆடியபோது, அக்கலைக்கு மதிப்புக் கூடியது என்று பலரும் எழுதியிருக்கின்றனர். என் எண்ணம் வேறு. பல்கலைக்கழகத்துக்குத்தான் அன்று மதிப்புக் கூடியது.

வித்தியானந்தன் 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தரானார். அதற்கு முன், 1974இல், அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத் தொடங்கியபோது அதன் தலைவராயிருந்தவர் க. கைலாசபதி. 1959 முதல் 1961 வரை ‘தினகரன்’ ஆசிரியராயிருந்து, ஈழத்து எழுத்தாளருக்கு அதன் பக்கங்களைத் திறந்துவிட்டவரும் அவரே. இத்தகைய வார இறுதிப் பக்கங்களின் பெறுமதி அவருக்குத் தெரியும். வளாகத்தின் பெரிய மண்டபம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தத் தொடக்க ஆண்டுகளிலேதான் ஒரு வியப்பு நிகழ்ந்தது. தர்மசேன பத்திராஜ என்னும் சிங்களத் திரைப்பட நெறியாளர் யாழ்ப்பாண வளாகத்திலே விரிவுரையாளராகப் பணியாற்ற வந்தார். வந்தவர், காவலூர் இராசதுரையின் எழுத்தைக் கொண்டு ‘பொன்மணி’ என்னும் தமிழ்ப்படத்தை எடுத்தார். 1977இல் அது வெளிவந்தது. சீதனமும் சாதியும் ஒரு குடும்பத்தை எவ்வாறு அரிக்கின்றன என்பதே அதன் பொருள். வளாகத்தைச் சார்ந்தோர் சிலரும் அதிலே நடித்தனர். சென்னைப் படங்களின் பாட்டுக்கும் சண்டைக்கும் பழகிப்போயிருந்த நம்மவர் அப்படத்துக்குக் கூட்டமாகப் போகவில்லை. படமாளிகைகளிலிருந்து அது விரைவிலே நீங்கிற்று. யாழ்ப்பாணத்து வீட்டின் நடுக்கூடத்தை அதற்கு முன் அவ்வளவு அமைதியாக யாரும் படம்பிடித்திருந்தார்களா என்று எனக்குத் தோன்றவில்லை. பத்திராஜ 2018இல் காலமானார். அவரது சிங்களப் படங்களைப் பேசுவோர் உலகெங்கும் உளர். ‘பொன்மணி’யைப் பார்த்தவர் யார் என்று எங்கள் மேல்வகுப்பு மாணவரிடம் கேட்டபோது ஒரு கையேனும் உயரவில்லை.

ஈண்டு பேராசிரியர் கா. சிவத்தம்பியின் ஒரு கருத்தைக் குறிப்பிடாமல் மேற்செல்ல இயலாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்த அவர், தமிழ்ச் சினிமாவை அரசியற் செய்தியூடகமாக ஆராய்ந்து 1981இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். தமிழர் யாவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதற் கலையரங்கம் சினிமாக் கொட்டகையே என்பது அவருடைய முடிபு. கோயில் வீதியிலும் கூத்துக் களரியிலும் யார் எங்கே நிற்பது என்பதைச் சாதி நிருணயித்தது. கொட்டகையிலோ கையிலிருந்த காசு நிருணயித்தது. காசும் ஒரு வேலிதான், ஐயமில்லை. ஆயினும் தாண்டக்கூடிய வேலி. படம் காட்டுவதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவோர் இந்த ஒன்றைச் சிந்திக்க வேண்டும்: எந்தப் படம் ஓடியது என்பதைப் போலவே, யார் பக்கத்தில் யார் அமர்ந்தார் என்பதும் சரித்திரமாகும்.

எங்களூர்ச் சரித்திரத்திலும் அப்படியோர் அத்தியாயமுண்டு. 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமானபோது, நகரத்து மக்கள் அக்கராயன் பக்கமாகவும் ஸ்கந்தபுரத்துப் பக்கமாகவும் வந்து மரங்களின் கீழே குடிசை கட்டினர். யாழ்ப்பாணத்திலிருந்து 1995 ஒக்ரோபரிலே புறப்பட்டவர்கள் முன்னமே வந்திருந்தனர். மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெயைத் துளி கணக்கிட்டுச் செலவழித்த காலம். அக்காலத்தில் கிடுகினால் அடைத்த ஒரு கொட்டிலில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியையும் ஒரு டெக்கையும் வைத்துப் படம் காட்டுவார்கள். ‘மினி சினிமா’ என்று அதற்குப் பெயர். பின்புறத்திலே ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்கு மேலாக வசனத்தைப் பிடிக்க வேண்டும். பாதிக் கதையில் எண்ணெய் தீர்ந்துவிட்டால், யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ அப்படத்தை முன்பே பார்த்திருந்த ஒருவர் எழுந்து, எஞ்சிய கதையைச் சொல்லி முடிப்பார். அவர் சொன்ன முடிவு சரியா, கதாநாயகி அப்படிச் செய்திருக்கலாமா என்று இருட்டிலே வாதம் நடக்கும். நகரத்துக் கடைக்காரரும் குளத்துக்கட்டு விவசாயியும் ஆசிரியரும் கூலியாளும் ஒரே மணலில் இருந்து வாதாடினர். திரைப்பட விமரிசனம் என்பதை நான் முதன்முதற் கேட்டது அங்கேதான் என்றால் இலக்கிய வட்டத்தார் நகைக்கலாம்.

இன்று ஊரிலே மின்சாரம் உண்டு. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி உண்டு. பிள்ளைகளின் கையிலே தொலைபேசி உண்டு. படம் பார்ப்பது பெருகிவிட்டது. சேர்ந்திருந்து பார்ப்பதும் பார்த்ததைப் பற்றிப் பேசுவதும் அற்றுப்போயின. பல்கலைக்கழகம் ஒன்று கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இந்தக் குறையை அது தீர்க்கலாகாதா என்பதே என் கேள்வி.

வெறுங்கேள்வியன்று இது. பல்கலைக்கழகம் வாயிலைத் தாண்டி ஊருக்குள் வந்த காலமும் இருந்தது. 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலாசாரக் குழு மேடையேற்றியது. கைலாசபதி அரங்கோடு அது நின்றுவிடவில்லை. குடாநாட்டுக் கிராமங்கள் தோறும் சென்றது. பிள்ளைகளைத் தேடி அழுத தாய்மார் மேடையில் தங்களைக் கண்டனர். போர்க்காலத்தில், ஊரடங்கின் நடுவே, பேராசிரியர்களும் மாணவர்களும் செய்த காரியம் அது. இப்போது வீதி நன்றாயிருக்கிறது, ஊர்தி இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது!

எங்கள் அயலில் நெற்செய்கை பண்ணும் முதியவர் ஒருவரின் பேத்தி அறிவியல் நகரிலே படிக்கிறாள். அங்கே மாணவர் கலைவிழா ஒன்று நடக்கப் போவதை அவள் சொல்லியிருக்கிறாள் போலும். வாய்க்கால் ஓரமாக என்னைக் கண்டவர் சைக்கிளை நிறுத்தி, “மாஸ்டர், அங்கை படமும் போடுவினமாம். எங்களையும் உள்ளுக்கை விடுவினமோ?” என்று கேட்டார். “ஏன் ஐயா விடமாட்டினம்?” என்றேன். “இல்லை, வாசலிலை காவல் நிக்குது. ஆரைப் பாக்க வந்தனியள் எண்டு கேட்டால் என்னத்தைச் சொல்லுறது?” என்றார். அவருடைய தயக்கத்தில் நியாயமிருந்தது. பல்கலைக்கழகத்துக்குள் நுழைகின்ற ஊரவர் ஒருவருக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. படம் பார்க்க வந்தேன் என்பதும் ஒரு காரணமாகும் என்பதை முதலில் பல்கலைக்கழகமே சொல்ல வேண்டும்.

இத்தகைய நிகழ்ச்சிகள் இலேசானவை என்று நான் சொல்ல வரவில்லை. 2016 யூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலே புதுமுக மாணவரை வரவேற்கும் விழாவில், கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றித் தமிழ் மாணவருக்கும் சிங்கள மாணவருக்கும் இடையே மூண்ட பிணக்குக் கைகலப்பாயிற்று, சிலர் காயமுற்றனர். ஒரு மத்தளத்தின் ஒலி எங்கே வரவேற்பாகும், எங்கே அதிகாரமாகும் என்பதை முன்கூட்டியே இருந்து பேசியிருக்க வேண்டும். பேராதனையிலே கூத்தும் நாடகமவும் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்ததை அறிந்தவர்க்கு அச்செய்தி மிகவும் நோவைத் தந்தது.

மற்றொன்று 2018இல் நடந்தது. அனோமா ராஜகருணாவின் முயற்சியால் 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா, நம் மண்ணுக்குப் பல நாட்டுப் படங்களைக் கொணர்ந்திருக்கிறது. கைலாசபதி அரங்கும் அதன் திரையிடல் இடங்களுள் ஒன்றாக இருந்திருக்கிறது. அவ்வாண்டு விழாவில் ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ என்னும் ஆவணப்படம் எதிர்ப்பின் காரணமாகத் திரையிடப்படாமல் நீக்கப்பட்டது. 2017இல் கான் விழாவிலே காட்டப்பட்ட படம் அது. தமிழ் இயக்கங்களுக்குள் நிகழ்ந்த வன்முறையைப் பேசுவது. எதிர்த்தவர்களின் மனப்புண்ணை நான் சிறிதாக எண்ணவில்லை. வன்னியில் 2009ஐக் கடந்து வந்தவன் அவ்வாறு எண்ண முடியாது. ஆனால் ஒரு படத்தைக் காட்டி, அதன் பின் விளக்கைப் போட்டு, அது பொய் என்று எழுந்து சொல்வதற்கு வேறெந்த இடத்தையும்விட உகந்த இடம் பல்கலைக்கழகம் அன்றோ? பரிசிலும் இலண்டனிலும் இருப்போர் பார்த்துவிட்டுப் பேசுகின்றனர். இங்குள்ளோர் பாராமலே பேச நேர்ந்தது.

கிராமத்தாருக்கு உயர்ந்த படங்கள் விளங்குமா என்ற ஐயத்தைச் சில ஆசிரிய நண்பர்கள் என்னிடம் எழுப்பியதுண்டு. கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்திலே ஹெக்கோடு என்று ஒரு சிற்றூர். பாக்குத் தோட்டங்களின் நடுவே உள்ளது. அங்கே 1949இல் தொடங்கிய ‘நீநாசம்’ என்னும் கலைச் சங்கத்தைக் கே. வி. சுப்பண்ணா வளர்த்தெடுத்தார். 1970களிலே அவர் ‘பதேர் பாஞ்சாலி’யையும் ‘ரஷோமோன்’ஐயும் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ஐயும் அவ்வூராருக்குக் காட்டினார். யப்பானிய மொழியும் இத்தாலிய மொழியும் அறியாத தோட்டக்காரர்களுக்குக் கன்னடத்திலே விளக்கம் கொடுத்தார். அவர்களோடு இருந்து பேசினார். 1991இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. சைக்கிளைப் பறிகொடுத்த தகப்பனின் துயரம் ஸ்கந்தபுரத்தானுக்கு விளங்காது என்று யார் சொல்வது? இடம்பெயரும்போது வாழ்க்கை முழுவதையும் ஒரு சைக்கிளின் பின்னாசனத்தில் கட்டி உருட்டிச் சென்றவன் அவன்.

ஆகவே அறிவியல் நகரத்து விரிவுரையாளருக்கும் மாணவருக்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். பெரும்போக அறுவடை முடிந்து, மாசி கழிந்து பங்குனி பிறக்கும் நாட்களில் வன்னியில் மழை அருகிவிடும். மக்களுக்கும் கை ஓய்ந்திருக்கும். அக்காலத்தில் மாதமொரு மாலை, மண்டபத்துக்குள் அன்றி வெளிமைதானத்திலே படம் காட்டுங்கள். பொறியியல் மாணவரிடம் ஒளியெறியும் கருவிக்கும் ஒலிக்கும் குறைவிருக்காது. தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர் ஒருங்கே பயிலும் இடமாதலால், படத்தைப் பற்றிய சிறு குறிப்பொன்றை இரு மொழியிலும் எழுதி வாசியுங்கள். முதற்படம் ‘பொன்மணி’யாக இருக்கட்டும்: சிங்கள நெறியாளர் ஒருவர் தமிழிலே எடுத்த படம் என்பதால், அதைப் பற்றிப் பேச எல்லாருக்கும் ஏதேனும் இருக்கும். அடுத்த மாதம் முள்ளியவளைக் கோவலன் கூத்துக் கலைஞரை அழையுங்கள். அவர்கள் ஆடி முடித்தபின் மாணவர் கேட்கட்டும், அண்ணாவியார் விடை சொல்லட்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சி எங்களுக்கு உதவாது. அக்கராயன் பக்கம் திரும்பிச் செல்லப் பஸ் இராது. ஆறரைக்குத் தொடங்கி, முடிந்ததும் ஒரு வண்டியை ஒழுங்கு செய்தால், பெண்களும் முதியோரும் வருவர். வாயிற் காவலாளிக்கு அன்று மட்டும் பெயர்ப் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லுங்கள். நாற்காலி தேவையில்லை. பாயும் தண்ணீர்ப் போத்தலும் ஊரிலிருந்து வந்துவிடும்.