கொடுத்த பிறகும் கையில் இருப்பது

அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையின் முடிவுகள் 2007-இல் வெளியாயின. 19 பெண்களுக்குத் தலைக்கு 100 டாலர் கொடுத்து, ஒவ்வொருவராக எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்தார்கள். எதிரே ஒரு திரை. ஏழைகளுக்கு உணவுப்பொருள் வழங்கும் உள்ளூர் அமைப்புக்கு உன் பணத்தில் இவ்வளவு தருகிறாயா என்று திரை கேட்கும். படுத்திருப்பவர் பொத்தானை அழுத்தி ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். சில சுற்றுகளில் கேள்வியே வராது. வரி பிடிப்பதுபோல, பணம் கழிக்கப்பட்டு அந்த அமைப்புக்குப் போய்விட்டது என்ற செய்தி மட்டும் வரும்.

பணம் கழிக்கப்பட்டபோதும்கூட, அது பசித்தவருக்குப் போகிறது என்றால், மூளையின் அடியாழத்தில் இருக்கும் இன்பப் பகுதிகள் சுறுசுறுப்படைந்தன. நல்ல உணவு கிடைத்தாலோ, நமக்கே பணம் வந்தாலோ விழித்துக்கொள்ளும் அதே பகுதிகள். அடுத்தவர் வயிறு நிறைவது நமக்கும் இன்பம் என்பதை இவ்வளவு நேராகக் கண்ணால் பார்க்க முடிந்தது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. தானே முடிவெடுத்துக் கொடுத்தபோது அந்தச் சுறுசுறுப்பு இன்னும் கூடியது. பணம் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். 'நான் கொடுத்தேன்' என்பது மட்டுமே கூடுதல்.

படுத்திருந்தவர்கள் கோடீஸ்வரர்கள் அல்லர் என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும், பெரும் பணக்காரர்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்ற பழைய கேள்விக்கு அந்தக் கூடுதல் நல்ல திறவுகோல்.

பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி இதற்கு முன்பே, 1990 வாக்கில், காகிதத்திலேயே கணக்குப் போட்டு இதே இடத்துக்கு வந்திருந்தார். ஓர் அநாதை இல்லம் நன்றாக நடக்க வேண்டும் என்பது மட்டுமே கொடையாளியின் ஆசை என்று வைத்துக்கொள்வோம். அரசே அந்த இல்லத்துக்கு ஒரு லட்சம் ஒதுக்கினால், அவர் தன் பங்கில் ஒரு லட்சத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நடப்பில் அப்படி முழுதாகக் குறைவதில்லை. அப்படியானால் இல்லத்தின் நலனோடு, கொடுப்பதால் தனக்குள் பிறக்கும் ஓர் இதத்தையும் அவர் நாடுகிறார் என்றார் ஆண்ட்ரியோனி.

புகழாசைதான் காரணம் என்பார்கள் பலர். அதற்கும் சான்று உண்டு. இஸ்ரேலியப் பறவையியலாளர் அமோட்ஸ் சஹாவி, நம் ஊர்த் தவிட்டுக்குருவிக்கு உறவான அராபியத் தவிட்டுக்குருவிகளைப் பாலைவனத்தில் பல்லாண்டு கவனித்தார். கூட்டத்தில் உயர்ந்த இடத்தில் இருக்கும் பறவை, தாழ்ந்த பறவைக்கு இரை ஊட்டும். தாழ்ந்தது பதிலுக்கு ஊட்ட வந்தால் ஏற்காமல் விரட்டும். 'எனக்கு மிஞ்சிக் கிடக்கிறது' என்று காட்டுவதே அந்த ஊட்டலின் பொருள் என்றார் சஹாவி. பின்னால் வந்த ஆய்வாளர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மனிதரிடம் இது வெளிப்படை. ஒரேகான் சோதனையை நடத்தியவர்களில் ஒருவரான வில்லியம் ஹார்பா, 1990களில் ஒரு சட்டக் கல்லூரியின் நன்கொடைப் பட்டியலை ஆராய்ந்தார். கொடையாளர் பெயர்களைத் தொகைவாரியாக வகுத்து அச்சிட்டால், பலரும் அந்தந்த வகுப்பில் நுழையப் போதுமான குறைந்தபட்சத் தொகையையே சரியாகக் கொடுக்கிறார்கள் என்று கண்டார்.

வரிச் சலுகையும் ஒரு காரணம்தான். அதில் விளக்க ஒன்றும் இல்லை.

இந்த இரண்டையும் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்? அதற்கு விடையாக ஒரு மனிதர் வாழ்ந்தார். சக் ஃபீனி, நியூஜெர்சிக்காரர். விமான நிலையங்களில் வரியில்லாப் பொருள் விற்கும் கடைகளால் பெருஞ்செல்வம் சேர்த்தவர். 1982-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, இரண்டே ஆண்டில் தன் நிறுவனப் பங்குகளை அதற்கு மாற்றினார். யார் கொடுக்கிறார் என்பது வெளியே தெரியக் கூடாது என்பதற்காக அதை பெர்முடா தீவில் பதிவு செய்தார். அதனால் அமெரிக்க வரிச் சலுகை போனது. போகட்டும் என்று விட்டார். அவர் பணத்தில் எழுந்த கட்டடங்களில் அவர் பெயர் கிடையாது. 1997-இல் நிறுவனம் கைமாறியபோதுதான் உண்மை வெளியே வந்தது. மொத்தம் கொடுத்தது சுமார் 800 கோடி டாலர். கடைசிக் காலத்தில் சான்ஃபிரான்சிஸ்கோவில் வாடகை வீட்டில் இருந்தார்.

அவர்மேல் எனக்கு அளவில்லாத மதிப்பு. ஆனால் பெயரையும் சலுகையையும் துறந்த ஃபீனிகூட ஒன்றை விடவில்லை: பணம் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை. 1990களின் இறுதியில் அயர்லாந்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு அவர் அறக்கட்டளை பணம் தந்தபோது, அரசும் ஈடாகப் பணம் போட வேண்டும் என்பது ஏற்பாடு. தனி ஒருவரின் விருப்பம் ஒரு நாட்டின் வரிப்பணத்தையும் சேர்த்து இழுத்தது. அந்நாட்டு ஆராய்ச்சி அதனால் செழித்தது என்பது வேறு விஷயம்.

இந்த உரிமையை மறைக்காமல் வாதாடியவர் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி. செல்வத்தைச் சில்லறையாகத் தொழிலாளருக்குப் பிரித்துக் கொடுப்பதைவிட, ஊருக்கு எது நல்லது என்று தெரிந்த செல்வரே மொத்தமாகச் செலவிடுவது மேல் என்று 1889-இல் எழுதினார். மூன்றாண்டு கழித்து, பென்சில்வேனியாவில் இருந்த அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலி வெட்டை எதிர்த்துத் தொழிலாளர்கள் திரண்டார்கள். நிர்வாகம் ஆயுதம் தாங்கிய தனியார் காவலரை இறக்கியது, இரு தரப்பிலும் உயிர்கள் போயின, சங்கம் நொறுங்கியது. அதே கார்னெகியின் பணத்தில் உலகெங்கும் 2,509 நூலகங்கள் எழுந்தன. பன்னிரண்டு மணிநேரம் உலைமுன் நின்று வந்தவனுக்கு எந்த நேரத்தில் படிப்பு? அவனைக் கேட்டிருந்தால் கூலியைத்தான் கேட்டிருப்பான். நூலகங்கள் பெரும் நன்மை செய்தன என்பதை நான் மறுக்கவில்லை. அந்தத் தேர்வை அவன் கையில் யாரும் கொடுக்கவில்லை என்பதே என் வருத்தம்.

இதே உரிமை வரமாகவும் வரும். நாடு விடுதலை பெற்ற புதிதில், மின்வேதியியலுக்கு ஒரு தேசிய ஆய்வுக்கூடம் அமைக்க அரசு எண்ணியது. தொழிலதிபர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன், காரைக்குடியில் அமையுங்கள் என்றார். பெருநகரங்களை விட்டு, செட்டிநாட்டின் வறண்ட பூமிக்கு அது வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார்.

ஆகவே கொடையாளியின் மனத்தூய்மையை அளந்து பார்ப்பதில் பயனில்லை. இன்பமும் பெயரும் அவருக்குக் கிடைத்துவிட்டுப் போகட்டும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ ஒருவர் பெருந்தொகை தர முன்வந்தால், நன்றி சொல்லுங்கள். அதோடு, அதை எதற்குச் செலவிடுவது என்று பேசும் கூட்டத்தில் நீங்களும் போய் உட்காருங்கள்.