ஆபத்தான பொருட்கள்: அடையாளச் சீட்டு மட்டும் போதுமா?

2021ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பலில் தீ மூண்டது. 1,486 கொள்கலன்களைச் சுமந்திருந்த அக்கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. மே 25ஆம் திகதி வெடிப்பு நிகழ்ந்தது. ஜூன் 2ஆம் திகதி கப்பல் மூழ்கத் தொடங்கியது. ஆமைகள் இறந்து கரையொதுங்கின. மேற்குக் கரையோரத்தின் பல பகுதிகளில் மீன்பிடி தடைசெய்யப்பட்டதால் கடற்றொழிலாளர் குடும்பங்களின் அன்றாட வருமானம் அற்றுப்போனது.

இவ்வனர்த்தம் எச்சரிக்கையின்றி வந்ததொன்றல்ல. அமிலக் கொள்கலனில் கசிவு ஏற்பட்டிருப்பது தீ மூள்வதற்கு ஒரு வாரத்துக்கு முன்னரே தெரிந்திருந்தது. அதனை இறக்குவதற்குக் கட்டாரின் ஹமாத் துறைமுகமும் இந்தியாவின் ஹசீரா துறைமுகமும் இணங்கவில்லை. கொள்கலனில் இருப்பது இன்னதென்று தெரிந்திருந்தும், அதனை எங்கே, எவ்வாறு கையாள்வது என்ற ஏற்பாடு இருக்கவில்லை.

கடல்வழியாக ஆபத்தான பொருட்களை ஏற்றிச் செல்வதற்குச் சர்வதேச கடல்சார் அமைப்பின் விதிக்கோவை ஒன்று உண்டு. வெடிபொருட்கள், வாயுக்கள், எரிபற்றும் திரவங்கள், நச்சுப் பொருட்கள், அரிக்கும் பொருட்கள் என அவை 9 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பொருளுக்கும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் நான்கு இலக்க எண் ஒன்றும் உண்டு. பெற்றோலுக்கு 1203, நைத்திரிக் அமிலத்துக்கு 2031. தீயணைப்பு வீரர் எந்த மொழி பேசுபவராயினும், அந்த எண்ணைக் கொண்டே பொருளை அறிந்து, நீரைப் பயன்படுத்தலாமா, எவ்வளவு தூரத்துக்கு மக்களை அகற்ற வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கலாம்.

எனினும் வகைப்படுத்தலிலும் இடைவெளிகள் உண்டு. அக்கப்பலிலிருந்து கரையெங்கும் பரவிய பிளாஸ்டிக் சிறுமணிகள் அவ்விதிக்கோவையில் ஆபத்தான பொருளாகக் கருதப்பட்டிருக்கவில்லை. அவற்றைப் பாதுகாப்பாக ஏற்றிச் செல்வதற்கான பரிந்துரைகளைச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2024இல்தான் வெளியிட்டது. 2025 ஜூலையில் எமது உயர் நீதிமன்றம், கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஆயினும் இழப்பீடு என்பது அழிவுக்குப் பின்னர் வருவது. முன்னேற்பாடே அழிவைத் தடுப்பது.

இது துறைமுகத்துடன் முடிந்துவிடும் விடயமுமன்று. சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துள் மண்டையோடு இருந்தால் கடும் நச்சு, தீச்சுவாலை இருந்தால் எளிதில் தீப்பற்றுவது, கையையும் உலோகத்தையும் அரிக்கும் துளிகள் இருந்தால் அரிக்கும் பொருள் என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மண்ணெண்ணெயையோ பீடைகொல்லியையோ குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கம் எமது ஊர்களில் இன்னமும் காணப்படுகின்றது. அச்செயலால் அடையாளச் சீட்டின் பயன் முழுவதும் இல்லாமற்போகின்றது. தாகத்துடன் வரும் பிள்ளைக்கு அது வெறும் குளிர்பானமே. அவ்வாறே, வெளிற்றும் திரவத்தையும் அமிலம் கலந்த கழிவறைச் சுத்திகரிப்பானையும் ஒன்றாகக் கலந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும்.

சமையல் எரிவாயு காற்றிலும் பாரமானது; கசிந்தால் தரையோடு தங்கும். அவ்வேளையில் கதவு, யன்னல்களைத் திறக்க வேண்டுமேயன்றி மின் ஆளியைத் தொடலாகாது. இரசாயனக் கசிவு நிகழ்ந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்வதே பாதுகாப்பானது. தீயணைப்புச் சேவைக்கு 110, அம்புலன்ஸ் சேவைக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 ஆகிய இலக்கங்களைச் சிறுவர்களும் மனனஞ் செய்திருப்பது நன்று.

களஞ்சியத்தில் என்ன இருக்கின்றதென அயலவர்க்குத் தெரியாவிடின், ஆபத்து வேளையில் யாரை எங்கே அகற்றுவதென எவராலும் தீர்மானிக்க முடியாது. ஆகவே உள்ளூராட்சி மன்றங்கள், பிரதேச செயலகங்கள், தீயணைப்புப் பிரிவினர், தொழிற்சாலை உரிமையாளர்கள் ஆகியோர் ஒன்றுகூடித் திட்டம் வகுத்து, அதனை மக்களுக்கு அவர்தம் மொழியிலேயே விளக்கி, ஆண்டுதோறும் ஒத்திகையும் நடத்த வேண்டும். அடையாளச் சீட்டு ஆபத்தை அறிவிக்க மட்டுமே வல்லது. உயிர்களைக் காப்பது அதனை வாசித்தவர் அடுத்துச் செய்யும் காரியமேயாகும்.